ஒன்று புள்ளி நான்கும் நானும்

என் மானத்தை வாங்கியது ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. மனுஷர் யாராவது வாங்கியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஜாடியை என்ன கேட்பது? கேட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. பெங்களூர்க் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், மற்றப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை" என்று ஒரு ஜாடியைப் பார்த்துக் கத்தியவள் நான்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் ஓசூரைத் தாண்டி, தளிக்குப் பக்கம். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைகிற பூமி. என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி சொன்னால் நைனா, மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கைப் பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் அதே பஸ்ஸில் என்னையும் அனுப்பிவைத்தார், பி.எஸ்ஸி. படிக்க. சுற்றுவட்டாரத்தில் அந்தப் படிப்புக்குப் போன பெண் வேறு யாரும் இல்லை. அந்தத் திமிர் எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது. உருளைக்கிழங்கு நல்ல விலைக்குப் போயிற்று. நான்தான் பெயிலாகித் திரும்பி வந்தேன்.

எழுத்துப் பரீட்சையில் இல்லை. அதெல்லாம் தேறிவிட்டேன். செய்முறைப் பரீட்சையில், அந்த ஜாடியிடம்.

விஷயம் இதுதான். தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில். காற்றுக்கு அப்படி இல்லை, இரண்டு பதில். அசையாத மூடிக்குள் அடைத்து வைத்துச் சூடாக்கினால் கொடுக்கிற வெப்பம் முழுவதும் சூடேறுவதற்கே போகும். மூடியை எழும்ப விட்டால் காற்று விரியும். விரிகிறபோது மூடியையும், அதன்மேல் உட்கார்ந்திருக்கிற வெளிக்காற்றையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலைக்கும் சேர்த்து வெப்பம் கேட்கும். ஆகவே அடைபட்ட காற்றின் தன்வெப்பம் குறைவு, இடம் கிடைத்த காற்றின் தன்வெப்பம் அதிகம். முன்னதை சி.வி. என்பார்கள், பின்னதை சி.பி. என்பார்கள். பின்னதை முன்னதால் வகுத்தால் காற்றுக்கு ஒன்று புள்ளி நான்கு வரும். உலகம் முழுக்க எல்லாருக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஜாடிக்குள் சைக்கிள் பம்பால் கொஞ்சம் காற்றை அடிக்க வேண்டும். பக்கத்தில் செருகிய வளைந்த கண்ணாடிக் குழாயில் எண்ணெய் ஒரு புறம் ஏறி நிற்கும், உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று காட்டும். பம்பு அடித்ததால் சூடான காற்று ஆறும்வரை காத்திருந்து எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடைப்பானை டப்பென்று திறந்து, கண் மூடித் திறப்பதற்குள் மூட வேண்டும். அதிகக் காற்று வெளியேறிவிடும், உள்ளே இருப்பது சில்லென்று ஆகிவிடும். மறுபடியும் காத்திருந்தால் அது அறையின் சூட்டுக்கு வரும், எண்ணெய் கொஞ்சம் ஏறும். அதையும் குறித்தால் கணக்குப் போட்டுவிடலாம். பொறுமையாக இரு, சட்டென்று செய், மறுபடி பொறுமையாக இரு. அவ்வளவுதான்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். காத்திருக்க வேண்டிய இடத்தில் என்னால் உட்கார முடியாது. அடுப்பில் பால் வைத்தால் பாலுக்கு முன்னால் நான் பொங்குகிறவள். சட்டென்று செய்ய வேண்டிய இடத்திலோ பயம். அந்த டப் சத்தம் கேட்டால் எனக்கு உயிர் போகும். ஆகவே காற்று ஆறுவதற்கு முன்பே எண்ணெயைக் குறித்துவிடுவேன். அடைப்பானைத் திறந்துவிட்டு, காதைப் பொத்தலாமா கையை எடுக்கலாமா என்று தடுமாறிக்கொண்டு நிற்பேன். கல்லூரியில் செய்த போதெல்லாம் ஒன்றும் சொச்சமும்தான் வந்தது. மார்ச் பரீட்சையில் இன்னும் சிறப்பாகச் செய்தேன். எண்ணெய் ஏற வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது. கணக்குப் போட்டதில் ஒன்றுக்கும் கீழே வந்தது.

பரீட்சைக்கு வந்திருந்த பெரியவர் என் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். விரிகிற காற்றுக்கு வெப்பம் குறைவாகப் போதும் என்று நான் நிரூபித்திருப்பதாகவும், அது உண்மையானால் இனிமேல் மைசூர் ராஜ்ஜியத்தில் ஒரு மில்லுக்கும் கரி வாங்க வேண்டியதில்லை என்றும், எதற்கும் நான் செப்டம்பரில் இன்னொரு தரம் வந்து பார்க்கலாம் என்றும் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊருக்கு வந்தேன். நைனா ஒன்றும் கத்தவில்லை. அது இன்னும் மோசம். களத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர், ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"செப்டம்பர்ல ஒரு தரம் எழுது. அதான் கடைசி. காவேரிப்பட்டினத்துல மாங்கா மண்டிக்காரங்க கேட்டிருக்காங்க. சீசன் முடிஞ்சு ஆவணியில வர்றாங்களாம். அவங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா, அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஆவணியில் கல்யாணம் என்றால் பரீட்சை அம்போ. அந்தக் காலத்தில் பெயர்ப் பலகையிலேயே 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்ட ஆண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதுவும் ஒரு பட்டம். ஒரு பெண் போட்டுக்கொள்ள முடியுமா? ஊரில் அதற்குள் என்னைப் 'பெயிலான பொண்ணு' என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். சந்தையில் ஒரு கிழவி, "பரவால்ல வுடு, எங்க எருமையும் ஒரு ஈத்து தப்பிச்சுது, அடுத்த வருஷம் கன்னு போடல?" என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். வேலைக்காக, புத்திக்காக என்றெல்லாம் இப்போது கதை கட்டலாம். அப்போது வேண்டியிருந்தது என் வாய்க்காக. அவ்வளவு பேசி வைத்திருந்தேன்.

அதனால் வீட்டிலேயே பழகிக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஜாடிக்கு எங்கே போவது? இன்றைக்கு ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆலை வாசலில் விழலாம். அன்றைக்குத் தடுக்கி விழுந்தால் கல்மேல்தான் விழ வேண்டும். பஸ் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே பாட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட் வந்த பெரிய கண்ணாடி ஜாடி காலியாகக் கிடந்தது. நைனா எதற்கு என்று கேட்காமல் வாங்கி, வைக்கோல் சுற்றி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கழுவுகிறபோது அம்மாவின் புடவையில் பொத்தல் பொத்தலாக விழுந்தது. அம்மா கன்னடத்தில் என்னையும் தமிழில் ஜாடியையும் திட்டினாள். எங்கள் வீட்டில் கோபத்துக்கு எந்த மொழி கைக்கு வருகிறதோ அதுதான்.

கண்ணாடிக் குழாயைக் கரியடுப்பில் சூடாக்கி நானே வளைத்தேன். எண்ணெய்க்கு மண்ணெண்ணெய். பம்பு நைனாவின் சைக்கிளுடையது. அதற்குப் பிறகு பல நாள் அவர் காற்றில்லாத சக்கரத்தை உருட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். எல்லாவற்றையும் உருளைக்கிழங்கு அறையில் வைத்தேன். அங்கே வெயில் வராது, காற்று அடிக்காது, எப்போதும் ஒரே குளிர்ச்சி.

ஒட்டுவதற்குத்தான் வழி தெரியவில்லை. குழாய் நுழைகிற இடத்தில் காற்று கசியக் கூடாது. அம்மா யோசிக்கவே இல்லை.

"ராகிக் களிய எடுத்து அப்பிடு. புடிச்சா விடாது."

எங்கள் பக்கத்தில் களியை வயிற்றுக்கும் போடுவார்கள், பானை விரிசலுக்கும் போடுவார்கள். மூன்று வருஷம் இயற்பியல் படித்த நானும், ஆமாம், சரியான யோசனை என்று சுடச்சுடக் களியைப் பிசைந்து ஜாடிக்கழுத்து முழுக்க அப்பினேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் நாள் இரும்பாகப் பிடித்தது. மறுநாள் காய்ந்து வெடித்தது. அதற்கு மறுநாள் கோழிகள் கண்டுபிடித்துவிட்டன. நான் உள்ளே காற்றை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன், எண்ணெய் மட்டம் மளமளவென்று இறங்குகிறது. என்னடா இது என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டைக்கோழி ஜாடிமேல் ஏறி நின்றுகொண்டு நிதானமாகக் கொத்திக்கொண்டிருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் சி.பி.யையும் சி.வி.யையும் கோழி தின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு மலையிலிருந்து வந்த தேன்மெழுகை உருக்கி ஊற்றினேன். அது நின்றது. கசிவு போனதும் மிச்சம் இருந்த ஒரே கோளாறு நான்தான் என்று தெரிந்துபோயிற்று. காற்று ஆறுகிறவரை உட்கார்ந்து பழகினேன். சும்மா உட்கார முடியாமல் கிழங்கில் முளை கிள்ளினேன், கிள்ளிய முளையை எண்ணினேன், எண்ணியதை விட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதில் ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு என்று ஆமைபோல் நகர்ந்தது.

ஆவணி பிறந்தது. மண்டிக்காரர்கள் வருகிற நாளும் வந்தது. காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஓசூர், அங்கிருந்து தளி என்று பஸ் மாறி மாறி வர வேண்டும். மதியத்துக்கு மேல்தான் வருவார்கள் என்றார் நைனா. சரி, அதற்குள் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று பழைய புடவையோடு உருளைக்கிழங்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பம்பு அடித்து முடித்தேன். காற்று ஆறக் காத்திருக்கிறேன். வாசலில் குரல் கேட்கிறது. முந்தின பஸ்ஸே கிடைத்துவிட்டதாம்.

வந்தவர்கள் மாப்பிள்ளையும், அவருடைய அத்தையும், துணைக்கு ஒரு பங்காளியும். அந்த வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். நல்ல உடம்பு, நெற்றி நிறைய விபூதி, யாரையும் நேராகப் பார்க்கிற கண். இதெல்லாம் கதவு இடுக்கு வழியாக நான் பார்த்தது.

அம்மா ஓடி வந்தாள்.

"அடியே, வந்துட்டாங்க. வாடி வெளிய. பொடவ மாத்து."

"இரும்மா. காத்து ஆறட்டும்."

"என்னாது?"

"ஜாடியில காத்து ஆறணும். இப்பக் கதவத் தெறந்தா எல்லாம் போச்சு."

"உன் தலையில இடி விழ. அங்க சம்மந்தி வந்து ஒக்காந்திருக்காங்க, இவளுக்குக் காத்து ஆறணுமாம், காத்து." அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள். கூடத்தில் "தலை வாரிட்டிருக்கா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்று முடிவாகிறவரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோறு மட்டும் இல்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்று எழுந்து போனால் ஊரே காறித் துப்பும். அதனால் பொழுது விடியுமுன் கிளம்பி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி வந்து, கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வைத்த மோர்ச் செம்பு தொடாமல் இருந்தது.

நான் காத்திருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு ஒழுங்காக நான் எதற்கும் காத்திருந்ததில்லை. வெளியே போகப் பிடிக்கவில்லை என்பதும் அதில் பாதி. மண்ணெண்ணெய் மெதுவாக இறங்கி, இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. அசையவில்லை. குறித்துக்கொண்டேன். கூடத்தில் அத்தை இருமுவது கேட்டது. "பொண்ணுக்குத் தலைமுடி அவ்ளோ நீளமா?" என்று பங்காளி கேட்பதும் கேட்டது. எனக்கு வந்த எரிச்சலில் பயம் மறந்துபோய், அடைப்பானைப் பிடுங்கி அதே வேகத்தில் திருப்பி அறைந்தேன்.

டப்!

அந்த அறையின் ஓட்டுக்கூரையில் அது துப்பாக்கி வெடித்த மாதிரி எதிரொலித்தது. கூடத்தில் "ஐயோ!" என்று ஒரு சத்தம். பிறகு ஒரே கலவரம். "அத்தே, அத்தே," "விசிறு, விசிறு," "தண்ணி குடு." எனக்கு எழுந்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் இரண்டாவது காத்திருப்பு ஆரம்பித்துவிட்டதே! இப்போது கதவைத் திறந்தால் வெளிச்சூடு உள்ளே வந்துவிடும். கூடத்தில் ஒரு மனுஷி மயக்கமாகக் கிடக்கிறாள், நான் மண்ணெண்ணெய் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது.

ஏறியது. நின்றது. தரையில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டேன். மறுபடியும் போட்டேன். பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு, அழுக்குப் புடவையும் கையெல்லாம் மெழுகும் மண்ணெண்ணெய் வாடையுமாகக் கூடத்துக்கு ஓடினேன்.

"வந்துடுச்சு நைனா! ஒண்ணு புள்ளி மூணு ஒம்பது!"

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கையில் மோர்ச் செம்பு, காலி. அம்மா கொடுத்த கையோடு திகைத்து நின்றாள். நைனா செம்பைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பங்காளி மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, கை நனைச்சுட்டியே."

அத்தை செம்புக்குள் எட்டிப் பார்த்தாள், ஏதாவது மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது போல. ஒன்றும் இல்லை. பெருமூச்சு விட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனது ஆச்சு. பொண்ணு கண்ணுக்கு லட்சணமாத்தான் இருக்கு. ஆவணி கடைசி முகூர்த்தத்துல முடிச்சுடலாம்."

பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அந்த மாதிரி அடக்கமெல்லாம் என்றைக்கு வந்தது? ஒன்று புள்ளி மூன்று ஒன்பது வந்த தைரியம் வேறு.

"ஆவணியில முடியாது. எனக்குப் பரீட்சை இருக்கு."

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணாலம் கட்டிக்கப்போற பொண்ணுக்கு இன்னும் என்னாத்துக்கும்மா பரிச்சை?"

"போன தரம் பெயிலாயிட்டேன், அதுக்கு."

மாப்பிள்ளை பக்கென்று சிரித்துவிட்டார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர். அத்தை திரும்பி முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ஐப்பசியில வச்சுக்கலாமே அத்தே. மண்டியிலயும் இப்ப ஒண்ணும் வேலையில்ல, என்னா அவசரம்?" என்றார். மண்டியில் வேலையில்லை என்றால் கல்யாணத்தை உடனே அல்லவா வைக்க வேண்டும்? அவருக்கு நியாயம் பேச வராது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் அந்தக் கோணல் நியாயத்துக்காக அவரைப் பிடித்துப்போயிற்று.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அத்தை அந்த நிமிஷமே எழுந்து போயிருப்பாள். கண்ணில் தெரிந்தது. காலி செம்பை இன்னொரு தரம் பார்த்தாள்.

"மோரக் குடிச்சுட்டேன். இனிமே என்னாத்த பேசறது? ஐப்பசியே இருக்கட்டும்."

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த நைனா என்னிடம் கையை நீட்டிச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோ. இந்த ஒரு தரந்தான். பாஸோ பெயிலோ, ஐப்பசிக்கு மேல ஒரு நாள் தள்ள மாட்டேன். பெயிலுன்னா புஸ்தகத்தை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுரு. அப்புறம் என் காதுல பரீட்சைங்கற பேச்சே வுழக் கூடாது."

செப்டம்பரில் பெங்களூருக்கு நைனாவே கூட வந்தார். கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, "போ" என்றார். அவ்வளவுதான்.

எந்தச் சோதனை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எனக்கு எது வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. என் ஜாதகம் அப்படி. இந்தத் தரம் பரீட்சகர் வேறு ஒருவர், ஒல்லியாக, கோட்டுப் போட்டு, பென்சிலைக் காதில் செருகியிருந்தார். நான் பம்பு அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார்.

"ஏனம்மா, சும்னே கூத்திதீயா?" சும்மா உட்கார்ந்திருக்கிறாயே என்று கன்னடத்தில் கேட்டார்.

காற்று ஆறுகிறது சார் என்றேன். போய்விட்டார். நான் திறந்தேன், மூடினேன், காத்திருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். கணக்கெல்லாம் முடித்து, சராசரி எடுத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி நான்கு பூஜ்யம். புத்தகத்தில் அச்சடித்த மாதிரி, ஒரு இம்மி கூடவில்லை, குறையவில்லை. எழுந்து நின்று கூத்தாட வேண்டும் போல இருந்தது. தாளை நீட்டினேன்.

அவர் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தாளின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டார்.

பதில் எல்லாருக்கும் தெரியும், பதிலிலிருந்து பின்னால் போய் அளவுகளை எழுதிக்கொள்வது பிள்ளைகளுக்குப் புதிதில்லை என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அந்த ஜாடி யாருக்கும் ஒன்று புள்ளி நான்கு பூஜ்யம் கொடுத்து அவர் பார்த்ததே இல்லையாம். நான் அப்படிச் செய்யவில்லை என்றேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்றார்.

மார்ச்சில் தப்பாக வந்ததற்குப் பெயில். இப்போது சரியாக வந்ததற்குப் பெயிலா? எனக்குக் காதெல்லாம் சுட்டது. மூடி வைத்தால் சீக்கிரம் சூடேறுகிற ஜாதி நான். வாயைத் திறந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க முன்னாடியே இன்னொரு தரம் செய்யறேன் சார், நின்னு பாருங்க" என்றேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

பம்பு அடித்தேன். காத்திருக்கிற நேரத்தில் அவர் கேள்வி கேட்டார். சி.பி., சி.வி. இந்த இரண்டில் எது பெரியது, ஏன் பெரியது? புத்தகத்தில் இருந்த வாசகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மனசில் வந்ததைச் சொன்னேன். அடைபட்டுக் கிடந்தால் சூடாவதைத் தவிர வேறு வேலை இல்லை, கொஞ்சம் போதும். இடம் வேண்டுமென்றால் சுற்றி இருப்பதை எல்லாம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதற்கு அதிகம் வேண்டும். அவர் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றது. நான் குறித்தேன். திறந்தேன். டப்! முக்காலியிலிருந்து அவர் ஒரு துள்ளுத் துள்ளினார். நான் அசையவில்லை. மறுபடியும் காத்திருந்தோம், இரண்டு பேரும், ஒரு ஜாடியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.

அவரே கணக்குப் போட்டார். ஒன்று புள்ளி மூன்று ஆறு.

போச்சு என்று நினைத்தேன். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கோடு போட்ட தாளிலேயே, பழைய பதிலுக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். முன்னது புத்தகத்தின் பதில், இது உன் பதில் என்றார். இனிமேல் இந்த ஜாடி இருக்கிற பக்கம் நீ வர வேண்டியதில்லை, போய் வா அம்மா என்றார்.

ஆய்வுக்கூடத்து வாசல்வரை ஒழுங்காகத்தான் வந்தேன். அதற்கப்புறம் ஓட்டம் பிடித்தேன். சந்தோஷமா, ஆத்திரமா, அத்தனை மாதக் களைப்பா, என்ன எழவோ தெரியவில்லை. கல்லூரி வாசலில் நைனா காலையில் விட்ட அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சும்மா?"

வாயில் வந்தது அது ஒன்றுதான். "ஒண்ணு புள்ளி மூணு ஆறு."

நைனாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"எத்தனைக்கு?"

அவர் அதை மார்க் என்று நினைத்துக்கொண்டுவிட்டார். இல்லை நைனா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லுக்குப் பதிலாக அழுகை வந்தது. நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஓவென்று. அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தோம்.

"அழுவாத," என்றார் கொஞ்ச தூரம் போனதும். "ஒண்ணாவது குடுத்தானே."

நான் இன்னும் அழுதேன்.

"மார்ச்சுல மறுபடி எழுதிக்கலாம். அதுலயும் போச்சுன்னா அடுத்த செப்டம்பர்ல எழுது. அவங்ககிட்ட நான் போய்ப் பேசிக்கறேன். ஐப்பசி இல்லன்னா தை. காத்திருந்தா கட்டிக்கட்டும், இல்லன்னா போவட்டும். வேற மாப்பிள்ளையா கெடைக்காது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடைசின்னு சொன்னீங்களே நைனா" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சொன்னேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். நீ எழுதும்மா. எத்தனை தரம் வேணாலும் எழுது. கெழங்கு விக்கற வரைக்கும் நான் அனுப்பறேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையை இன்னும் மேலே ஏற்றி மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பாஸ் நைனா என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தானே அத்தனை மாதம் ஜாடியோடு மாரடித்தேன். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தெரு முடிகிறவரைக்கும் அவர் பின்னாலேயே, பெயிலானவளாகவே நடந்துபோனேன்.